திரையில் தென்பாளையங்கள் – 8: ஜாக்சன் துரைக்கும் பீரங்கிக்கும் நடுவே ஓர் ஆண்டு

1959-ஆம் ஆண்டு மே மாதம், மூன்றே நாள் இடைவெளியில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளுக்கு இரண்டு போர்ப் படங்கள் வந்தன. 16-ஆம் தேதி பி.ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. 19-ஆம் தேதி கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’. முதல் படம் வண்ணத்தில் மின்னியது. இரண்டாவது கறுப்பு வெள்ளை. ஒன்று 1799-இல் கயத்தாற்றுப் புளியமரத்தில் போய் முடிகிறது. மற்றொன்று மருது சகோதரர்களின் கதை. 1801-ஆம் ஆண்டுப் போரைச் சொல்கிறது. அந்த வாரம் இரண்டையும் வரிசையாகப் பார்த்தவர், பாளையக்காரர் போர்களின் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒருசேரப் பார்த்துவிட்டார். இப்படி ஒரு வாய்ப்பு தமிழ் ரசிகருக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் வாய்க்கவில்லை.

இந்தப் போட்டியின் சுவடுகள் தியாகராய நகரில் இன்றும் தெருப்பெயர்களாக இருக்கின்றன. சிவாஜி கணேசனின் ‘அன்னை இல்லம்’ இருக்கும் தெற்கு போக் சாலைக்கு இப்போது செவாலியே சிவாஜி கணேசன் சாலை என்று பெயர். பழைய ஹென்ஸ்மன் சாலை, கண்ணதாசன் சாலை ஆகிவிட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். கட்டபொம்மன் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுசென்ற ம.பொ. சிவஞானம் 1967-இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இதே தியாகராய நகர்த் தொகுதியிலிருந்துதான். அவருக்கு அங்கே சிலையும் உண்டு.

படத்தின் வேர் ம.பொ.சி.யிடமிருந்து தொடங்குகிறது. ஆயிரம் விளக்குப் பகுதியின் சால்வன் குப்பத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவர் அவர். 1946-இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். வ.உ.சி.யையும் கட்டபொம்மனையும் பற்றி நூல்கள் எழுதினார், மேடை மேடையாகப் பேசினார். இந்திய விடுதலைப் போர் 1857-இல் மீரட்டில்தான் தொடங்கியது என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு அறுபது ஆண்டு முன்னதாகவே தெற்கில் ரத்தம் சிந்தியாயிற்று என்பது அவருடைய வாதம். 1857-இன் நூற்றாண்டை நாடு கொண்டாடிய அதே 1957-இல்தான் சிவாஜி நாடக மன்றத்தின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ சேலத்தில் அரங்கேறியது. வசனம் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி.

சிவாஜிக்கு இந்தக் கதை சிறுவயதிலேயே மனத்தில் விழுந்தது. திருச்சியில் அவர் வளர்ந்த நாளில் ஊருக்கு வந்த கட்டபொம்மன் கூத்துதான் தன்னை நடிப்பின் பக்கம் திருப்பியது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கோலார் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து பத்மினி பிக்சர்ஸை நடத்திய பந்துலு, அந்த நாடகத்தைப் படமாக்க முன்வந்தார். கட்டபொம்மனைப் படமாக்கும் எண்ணம் ஜெமினி ஸ்டூடியோவின் எஸ்.எஸ். வாசனுக்கும் முன்பே இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு அதற்காகத் தகவல்கள் திரட்டியிருந்தார். பந்துலு எடுக்கப்போகிறார் என்று தெரிந்ததும் வாசன் விட்டுக்கொடுத்தார். திரட்டிய தகவல்களும் பந்துலு கைக்கு வந்தன. சினிமாவில் அரிதாக நடக்கும் காரியம் இது.

கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவன் வேடத்துக்கு முதலில் நினைக்கப்பட்டவர் எஸ்.எஸ். ராஜேந்திரன். அவர் ஏற்கெனவே ‘சிவகங்கைச் சீமை’யின் நாயகன். அதனால் அந்த வேடம் ஜெமினி கணேசனுக்குப் போனது. இரண்டு படங்களுக்கும் நடுவே அரசியல் கோடும் ஓடியது. கண்ணதாசனும் எஸ்.எஸ்.ஆரும் அப்போது தி.மு.க.வில் இருந்தார்கள், சிவாஜி காமராஜரின் பக்கம். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனுக்கு மருதிருவர் சொந்த மண்ணின் தெய்வங்கள். தன் பணத்தைப் போட்டு, வசனமும் பாட்டும் எழுதி எடுத்த அந்தப் படம் வசூலில் தோற்றுப்போனது. பந்துலுவின் படமோ ஓடு ஓடென்று ஓடி, 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதையும் ஜி. ராமநாதனுக்குச் சிறந்த இசையமைப்பாளர் விருதையும் பெற்றுத் தந்தது.

விருதுகளைவிட ஆழமாகத் தங்கியது ஒரு காட்சி. ஜாக்சன் துரையாக சி.ஆர். பார்த்திபனும் கட்டபொம்மனாக சிவாஜியும் வரிக்காக மோதும் அந்தச் சில நிமிடங்கள். பள்ளி ஆண்டு விழாவில் அந்த வசனத்தைப் பேசாத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. படத்தைப் பார்க்காதவருக்கும் அது மனப்பாடம். அந்தக் காட்சியின் வலிமையே ஒரு மயக்கத்தையும் உண்டாக்கிவிட்டது: வரி கேட்டான், கொடுக்க மறுத்தார், உடனே போர் மூண்டது என்ற மயக்கம்.

படத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணன் ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’ என்ற தலைப்பிலேயே புத்தகம் எழுதினார். அவருடைய மணிமேகலைப் பிரசுரமும் தியாகராய நகரில்தான், தணிகாசலம் சாலையில். வீரன் என்று ஒரு கட்சி, கொள்ளைக்காரன் என்று மறு கட்சி. இரண்டு பக்கத்தின் சத்தத்திலும் அமுங்கிப்போனது ஓர் ஆண்டு. 1798 செப்டம்பரிலிருந்து 1799 செப்டம்பர் வரை நடந்தவற்றைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்தக் காகிதங்களிலிருந்து கால்டுவெல் 1881-இல் தன் திருநெல்வேலி வரலாற்றில் எடுத்துக் காட்டினார். பிறகு பேராசிரியர் கே. ராஜய்யன் போன்றோர் விரிவாக எழுதினார்கள். அந்த ஆண்டைப் படித்தால் தெரியவரும் கட்டபொம்மன் திரையில் நிற்பவரைவிட எந்த வகையிலும் சிறியவர் அல்ல. அவர் இன்னும் பொறுமைசாலி. அதனாலேயே அவர் முடிவு இன்னும் வலிக்கிறது.

கம்பெனிக்கு அவரிடம் வரி கேட்கும் உரிமை எப்படி வந்தது? அதற்குச் சேப்பாக்கத்துக்குப் போக வேண்டும். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா அங்கே அரண்மனை கட்டிக் குடியேறியிருந்தார். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்கு நிலம் தந்தவர் ஆற்காட்டு நவாப் என்று இன்றும் சொல்வார்கள். கொடுத்த கை பெரிது. வாங்கிய கடன் அதைவிடப் பெரிது. பால் பென்ஃபீல்டு போன்ற கம்பெனி ஆட்களே அவருக்கு வட்டிக்குப் பணம் தந்து கொழுத்தார்கள். கடன் கழுத்தை நெரிக்க நெரிக்க, நவாப் தன் உரிமைகளை ஒவ்வொன்றாகக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். 1792 உடன்படிக்கையில் தென்பாளையங்களில் கப்பம் வசூலிக்கும் உரிமையும் போனது. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரான கட்டபொம்மனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர் வாங்காத கடனுக்கு அவர் மண் ஈடாயிற்று.

அந்த வட்டிப் பணமும் வசூல் பணமும் எங்கே போயின என்பதற்குச் சென்னையின் தென்பகுதியிலேயே சாட்சி உண்டு. அன்று கம்பெனி உத்தியோகஸ்தர்கள் அடையாற்றங்கரையில் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜேம்ஸ் பிராடி 1790-களின் கடைசியில் எழுப்பிய பிராடி காசில் அவற்றில் ஒன்று. இன்று அங்கே இசைப் பல்கலைக்கழகம் நடக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் நெருக்கடி முற்றிய காலமும் அந்தக் கோபுர வீடு எழும்பிய காலமும் ஒன்றுதான்.

1798-இல் கட்டபொம்மனின் கப்பப் பாக்கி 3,310 வராகன். இராமநாதபுரம் கலெக்டர் ஜாக்சன் ஆகஸ்ட் 18-ஆம் தேதி கடிதம் அனுப்பினார்: இரண்டு வாரத்துக்குள் இராமநாதபுரத்தில் வந்து என்னைப் பார். கட்டபொம்மன் கிளம்பினார். ஆனால் கலெக்டர் ஓரிடத்தில் இருக்கவில்லை. குற்றாலத்தில் பார்க்கப் போனால் மறுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மறுப்பு. ஊர் ஊராக, இருபது நாளுக்கும் மேலாகப் பின்னாலேயே அலைந்து இராமநாதபுரம் போய்ச் சேர்ந்தார். சொந்தச் சீமையில் பல்லக்கில் போகிறவர், ஒரு கலெக்டரின் தடம் பார்த்து நடந்தார். வழியில் பார்த்த மற்றப் பாளையக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பது ஜாக்சனுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த அலைச்சலே தண்டனையாக வகுக்கப்பட்டது என்றுதான் தோன்றுகிறது.

செப்டம்பரில் பேட்டி கிடைத்தது. திரையில் அது சொல்லுக்குச் சொல் பாயும் வாதம். நடந்ததோ, கட்டபொம்மனும் அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையும் கலெக்டர் முன் மூன்று மணி நேரம் நிற்கவைக்கப்பட்டார்கள். சிறைப்பிடிக்கும் திட்டம் தெரிந்ததும் தம்பி ஊமைத்துரை ஆட்களோடு கோட்டைக்குள் புகுந்து அண்ணனை மீட்டார். அந்தக் கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். தானாபதி பிடிபட்டார்.

வெள்ளை அதிகாரி ஒருவர் இறந்த பிறகு அன்றே போர் மூண்டிருக்கலாம். மூளவில்லை. ஊர் திரும்பிய கட்டபொம்மன் வாளைத் தூக்கவில்லை, சென்னைக்கு மனு அனுப்பினார். கலெக்டர் தன்னை எப்படி நடத்தினார் என்பதை விவரித்துப் புனித ஜார்ஜ் கோட்டை ஆலோசனைச் சபையிடம் முறையிட்டார். கவர்னராக எட்வர்ட் கிளைவ் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பிளாசிப் போர் புகழ் ராபர்ட் கிளைவின் மகன் இவர். கவர்னர் விசாரணைக்கு உத்தரவிட்டார். ஜாக்சன் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார், தானாபதி விடுதலையானார். வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் ஆகிய மூவர் குழு முன் டிசம்பர் 15-ஆம் தேதி கட்டபொம்மன் நேரில் வந்து நடந்ததைச் சொன்னார். காசாமேஜர் என்ற அந்தக் குடும்பப் பெயர் எழும்பூரில் ஒரு சாலைக்கு இன்னும் இருக்கிறது.

குழு, கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்றது. ஜாக்சன் வேலையை இழந்தார். கட்டபொம்மனும் தன் பங்குக்குப் பாக்கியின் பெரும்பகுதியைக் கட்டிவிட்டார். மீதி நின்றது 1,080 வராகன் மட்டுமே.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓர் அந்நிய வணிகக் கம்பெனியின் விசாரணையை நம்பி, அழைத்ததும் வந்து, உண்மையைச் சொல்லி, வென்றவர் இவர். கப்பமே கட்டாத முரடர் என்பாருக்கும் கொள்ளைக்காரர் என்பாருக்கும் இந்த டிசம்பர் மாதம் பதில் சொல்கிறது. தீர்ப்பு சரியாக வந்திருந்தும் ஒன்பதே மாதத்தில் பீரங்கி வந்தது ஏன்?

புதிய கலெக்டராக வந்தவர் ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன். பின்னாளில், 1827-இல், சென்னை மாகாண கவர்னராகவே உயர்ந்தவர். அவருடைய மாமனார் ஜெனரல் ஹாரிஸ். திப்பு சுல்தான் மீது அப்போது படை நடத்திச் சென்ற தளபதி. லஷிங்டன் 1799 மார்ச்சில் கட்டபொம்மனை மீண்டும் அழைத்தார். மழை பொய்த்துவிட்டது, வசூல் இல்லை என்று பதில் போனது. இராமநாதபுரத்துக் குழப்பத்தில் தன்னிடமிருந்து பறிபோன பொருள்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே போனது. நியாயமான கோரிக்கைதான். ஒரு முறை அழைப்பை நம்பிப் போய் உயிர் தப்பி வந்தவர் இரண்டாம் முறை தயங்கியதில் வியப்பில்லை.

இதே மாதங்களில் சிவகங்கை மருதுவும் திண்டுக்கல் கோபால நாயக்கரும் பாளையங்களை ஒரே அணியில் திரட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டபொம்மன் அந்த அணியில் சேர்ந்தார். சிவகிரிப் பாளையக்காரர் சேர மறுத்தார். கட்டபொம்மன் ஆட்களோடு சிவகிரிப் பக்கம் நகர்ந்தார். சிவகிரி கம்பெனிக்குக் கப்பம் கட்டும் பாளையம். கம்பெனிக்கு வேண்டிய சாக்கு கிடைத்துவிட்டது.

சாக்கு கிடைத்தாலும் படை வேண்டுமே. கம்பெனியின் படைபலம் முழுவதும் மைசூரில் சிக்கியிருந்தது. மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார். இந்தப் போருக்காகவே கல்கத்தாவிலிருந்து வந்து சென்னையில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, அதே மே மாதத்தில் திருச்சி, தஞ்சை, மதுரைப் படைகளைத் திருநெல்வேலிக்கு நகரச் சொல்லி உத்தரவிட்டார். டிசம்பரில் நியாயம் பேசிய அதே அரசு மே மாதத்தில் வேறு குரலில் பேசியது. நடுவில் சிவகிரிச் சாக்கோடு கம்பெனியின் கையிருப்புப் படையும் மாறியிருந்தது. திப்பு உயிரோடிருந்தவரை தெற்கில் இன்னொரு போரைத் தாங்க கம்பெனிக்குத் தெம்பில்லை; விசாரணை, விடுதலை, பதவி நீக்கம் எல்லாம் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அண்ணா சாலையை ஒட்டி இன்று ராஜாஜி மண்டபம் என்று நிற்கும் கட்டடம், ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியைக் கொண்டாடக் கிளைவ் கட்டியது. அதன் நெடும் படிக்கட்டைக் கடக்கும்போது பாஞ்சாலங்குறிச்சியையும் நினைத்துக்கொள்ளலாம். அந்த வெற்றிதான் அதற்கு எமனாயிற்று.

பிறகு எல்லாம் வேகம். செப்டம்பர் 1-ஆம் தேதி மேஜர் பானர்மேன் சரணடையச் சொல்லி இறுதி எச்சரிக்கை விடுத்தார். 5-ஆம் தேதி கோட்டை முன் வந்து நின்றார். மண் கோட்டைதான், ஆனால் முதல் தாக்குதலிலேயே ஆங்கில அதிகாரிகள் சிலர் விழுந்தார்கள். அவர்கள் கல்லறைகள் ஒட்டப்பிடாரம் பக்கம் இன்றும் உள்ளன. கூடுதல் படை வருகிறது என்று தெரிந்ததும் கட்டபொம்மன் இரவோடிரவாக வெளியேறினார். கோலார்பட்டியில் தானாபதி பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைச் சீமையின் திருக்களம்பூர்க் காட்டில் கட்டபொம்மன் பிடிபட்டார். புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான் அவரைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்.

1799 அக்டோபர் 16, கயத்தாறு. பாளையக்காரர்களையெல்லாம் கூட்டிவைத்து, அவர்கள் கண்ணெதிரே பானர்மேன் விசாரணை நடத்தினார். முந்தைய டிசம்பரில் கேட்ட மூவர் குழு போல இங்கே யாரும் வழக்கின் மறுபக்கத்தைக் கேட்கவில்லை. தீர்ப்பு முன்பே எழுதியாகிவிட்டது. பந்துலு படத்தின் கடைசிக் காட்சி மிகைநாடகம் என்று சொல்பவர்கள், பானர்மேன் மறுநாள் சென்னை அரசுக்கு எழுதிய கடிதத்தைப் படிக்க வேண்டும்; கால்டுவெல் நூலில் இருக்கிறது. கூட்டத்தின் முன் நின்ற நேரமெல்லாம் கட்டபொம்மன் சற்றும் கலங்கவில்லை என்கிறார் தூக்கிலிட்டவரே. தன்னைப் பிடிக்க முன்நின்ற எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி இகழ்ச்சியோடு பார்த்தார். தூக்குமரத்துக்கு உறுதியான நடையில் போனார். இருபுறமும் இருந்த பாளையக்காரர்களை வெறுப்போடு நோக்கியபடி கடந்தார். வாய் பேச வராத தம்பியைப் பற்றிய கவலை ஒன்றையே வழியில் வெளிப்படுத்தினார். மரத்தடியில், கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது என்று வருந்தினார். கொன்றவரே கைப்பட எழுதிய சாட்சியம் இது. பானர்மேனாக நடித்த ஜாவர் சீதாராமன் எதிரே சிவாஜி நடந்த நடைக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

சிவாஜி வேடத்தைக் கலைத்ததோடு நிற்கவில்லை. கயத்தாற்றில் தூக்கிலிட்ட இடத்தருகே நிலம் வாங்கி 1970-இல் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார். 1974-இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுப்பியது. உண்மைக் கோட்டையின் மண் 1801-லேயே உழுது தரைமட்டமாக்கப்பட்டுவிட்டது.

அந்த அழிவு நடப்பதற்கு முன் இன்னொரு போர் பாக்கி இருந்தது. கட்டபொம்மன் கடைசியாகக் கவலைப்பட்ட தம்பி ஊமைத்துரை அப்போது பாளையங்கோட்டைச் சிறையில். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி அந்தச் சிறையின் கதவுகள் எப்படித் திறந்தன, இடிந்த கோட்டை சில நாள்களுக்குள் எப்படி மறுபடி எழுந்தது, பிறகு அவர் சிறுவயலில் மருதுவிடம் போய்ச் சேர்ந்தது எப்படி என்பதையெல்லாம், கண்ணதாசன் நட்டப்பட்டும் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தோடு சேர்த்து அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)